ஓய்வு வருஷத்துக்கு ஒரு பரீட்சை

போன வாரம் காயத்ரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் உயிரியல் எடுப்பவள் அவள். குரலே சரியில்லை. "மேடம், சிலபஸ மொத்தமா மாத்திட்டாங்க. இனிமே மத்தியப் பாடத்திட்டமாம். பசங்க முழிக்குதுங்க, நான் அதுங்களுக்கு மேல முழிக்கறேன். நீங்கல்லாம் எப்படித்தான் சமாளிச்சீங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அவள் அழாத குறையாகக் கேட்கிறாள், நான் இந்தப் பக்கம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "அடியே, ஒண்ணு மாறினதுக்கே இப்படியா? நாங்க ஒரே சர்க்கார்ல மூணு பாடத்திட்டத்த வெச்சிக்கினு குடும்பம் நடத்தினவங்க" என்றேன். "அதத்தான் எழுதுங்களேன் மேடம்" என்றாள். வேலை வெட்டி இல்லாதவளிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா? அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலத்தில் புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் படித்தன. கேரளத்துக்குள் கிடக்கும் மாஹே கேரளப் புத்தகத்தைப் படித்தது. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் ஆந்திரப் புத்தகத்தைப் படித்தது. அரசாங்கம் ஒன்று, சம்பளம் கொடுக்கும் கஜானா ஒன்று, ரப்பர் ஸ்டாம்பு ஒன்று. படிப்பு மட்டும் மூன்று. பன்னிரண்டு முடிந்ததும் கல்லூரி இடத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். இதை வெளியூரில் யாரிடமாவது சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள்.

நான் உழவர்கரைக்காரி. எம்.எஸ்சி., பி.எட். எல்லாம் முறையாகப் படித்தவள்தான். ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் இன்றைக்கும் நினைவிருப்பது ஒன்றுதான்: சாக்பீஸை உடைத்துவிட்டு எழுத வேண்டும், முழுசாக எழுதினால் கீச்சிடும். முதல் வேலை தவளக்குப்பம் பக்கம். அங்கிருந்து டவுனில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். வந்த மாசமே பசங்கள் எனக்குத் 'தவளை மேடம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தவளக்குப்பத்திலிருந்து வந்ததாலா, தவளைப் பாடம் நடத்தியதாலா, என் குரலாலா என்று நான் விசாரிக்கவில்லை. மூன்றுமே காரணமாக இருக்கலாம்.

அந்தப் பள்ளியின் துணை முதல்வர் லூர்துசாமி சார். எங்கள் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளிக்குத் துணை முதல்வர்தான் தலைமை. அவர் வீட்டில் பிரெஞ்சு பேசுவார், மாதா கோயிலில் தமிழ் பேசுவார், இங்கிலீஷைக் கல்வி இலாகாவுக்கு எழுதும்போது மட்டும் எடுப்பார். ஆசிரியைகளை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு பெரிய தலைவலியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாலும் முதலில் "போன்" என்பார். பிரெஞ்சில் 'சரி' என்று அர்த்தம். பிறகு எழுந்து நிற்பார். உட்கார்ந்துகொண்டு அவருக்கு யோசிக்க வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விதியை மூன்று தரம் வாசிப்பார். முதல் தரம், அது என்ன சொல்கிறது என்று பார்க்க. இரண்டாம் தரம், அது என்ன சொல்லவில்லை என்று பார்க்க. மூன்றாம் தரம் வாசிக்கும்போது, "இத எழுதினவரு எந்தப் புள்ளைய மனசுல வெச்சிக்கினு எழுதினாரு மதாம்?" என்று நம்மையே கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகு மூன்றாம் வாசிப்புக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன்.

அவர்தான் என் தலையில் 'மேற்படிப்பு, வேலை வழிகாட்டி' என்ற பொறுப்பைக் கட்டினார். "ஏன் சார் நானு?" என்று கேட்டதற்கு, "நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தறதில்ல. இந்த வேலைக்கு அது வேணும்" என்றார். பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. நானும் புது மருமகள் மாதிரி துள்ளிக்கொண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் போய், என்ன ஆகப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றேன். டாக்டர், இன்ஜினியர், கலெக்டர். சுற்றிச் சுற்றி இந்த மூன்றுதான். கடைசி பெஞ்ச் முருகையன் மட்டும் எழுந்து, "டாக்டர் மேடம், கெடைக்கலன்னா இன்ஜினியர், அதுவும் கெடைக்கலன்னா கலெக்டர்" என்றான். உலகத்தில் வேறு வேலையும் இருக்கிறது என்று காட்ட எல்லாரையும் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைக்கு அழைத்துப் போனேன். லேத் பட்டறை, அட்டைப்பெட்டிக் கம்பெனி, மருந்து பாட்டில் செய்யும் இடம் எல்லாம் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் மறுபடி கேட்டேன். பாதிப் பேர் 'கம்பெனி ஓனர்' என்றார்கள். லூர்துசாமி சாரிடம் போய் நொந்துகொண்டேன். "போன். முன்னேற்றம்தான் மதாம்" என்றார்.

அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டுக்கு வந்த ஜூன் மாசம், இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும், சத்யவேணி வந்தாள். அப்பா அப்பாராவ் போலீஸ் ஏட்டு. ஏனாமிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றலாகி வந்தவர். அங்கே பதினொன்று முடித்த பெண்ணை இங்கே பன்னிரண்டில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழைப் பார்த்தோம். எங்கள் அரசாங்கத்துப் பள்ளி, எங்கள் அரசாங்கத்து ஸ்டாம்பு. பக்கத்துப் பாகூரிலிருந்து ஒரு பிள்ளை வந்தால் எப்படிச் சேர்ப்போமோ அப்படியே சேர்த்துவிட்டோம். ஆபீஸ், துணை முதல்வர், நான், ஒருத்தருக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. இப்படி ஒரு தப்பைச் செய்ய நீங்கள் புதுச்சேரிக்காரராகத்தான் பிறந்திருக்க வேண்டும்.

அவள் கேட்டு வாங்கியது உயிரியல் சேர்ந்த முதல் குரூப். வழிகாட்டி மேடம் என்ற கெத்தில், என்ன ஆகப்போகிறாய் என்று அவளையும் கேட்டேன். "மாட்டு டாக்டர் மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது. வழக்கமான பதில்களைத் தாண்டிப் புதுசாக ஒன்று கிடைத்ததில் எனக்கோ தலைகால் புரியவில்லை. ஏன் மாட்டு டாக்டர் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். உடைந்த தமிழில் சொன்னாள்: "மாடு பேசாது மேடம். எங்க நொப்பின்னு, எங்க வலின்னு, நாமதான் பார்த்துத் தெரிஞ்சிக்கணும். நானும் இங்க வந்து பேச்சு வராமதான் இருக்கேன். யாரோ ஒருத்தர் பார்த்தா தெரியும்தானே?" அதற்கப்புறம் அந்தப் பெண்ணை என்னால் விட முடியவில்லை.

அவளுக்கும் எங்களைப் பார்த்து ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ஆந்திராவில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு. அந்த மார்க்கும் கடைசிக் கணக்கில் சேரும். இங்கே அப்போது பிளஸ் ஒன் பரீட்சையைப் பள்ளியே வைத்துப் பள்ளியே திருத்தி முடித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் உயிர் போகும், பன்னிரண்டில் மறுபடி போகும், நடுவில் பிளஸ் ஒன் ஓய்வு வருஷம். கல்யாணமா, திருவிழாவா, பிளஸ் ஒன் பிள்ளையை அனுப்பு. பெற்றோரே வந்து, "பிளஸ் ஒன்தானே மேடம், விடுங்க" என்பார்கள். நான் தொண்டை கிழியப் பாடம் நடத்துவேன், பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்யவேணி பக்கத்துப் பெண்ணிடம் போன வருஷ மார்க் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் யாரு பார்த்தா" என்ற பதிலைக் கேட்டு என்னிடம் ஓடிவந்தாள். "ஒரு வருஷம் முழுசா ரெஸ்டா மேடம்? எங்க ஊர்ல சொன்னா எல்லாரும் இங்க வந்துடுவாங்க."

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்களைத் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பியபோதுதான் வண்டி குடை சாய்ந்தது. இவள் பேரை மட்டும் ஆட்சேபித்துத் திருப்பினார்கள். வேறு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்று படித்தவள். அங்கே கணக்கு, இயற்பியல், வேதியியலோடு சரி, உயிரியல் கிடையாது. மொழிப் பாடம் அங்கே சமஸ்கிருதம், இங்கே பிரெஞ்சு. பதினொன்றில் தேறாத பாடத்தைப் பன்னிரண்டில் எழுத முடியாது என்பது விதி. மறுபடி பிளஸ் ஒன்னில் உட்கார வேண்டும்.

மொழி விஷயத்தில் ஒரு வேடிக்கை. மார்க் கொட்டும் என்று அங்கே பாதிப் பிள்ளைகள் சமஸ்கிருதம் எடுக்கும். மார்க் கொட்டும் என்றே இங்கே நிறையப் பிள்ளைகள் பிரெஞ்சு எடுக்கும். மார்க்குக்காக எந்தச் சாமியையும் கும்பிடுவோம், அதில் மாநில வித்தியாசம் கிடையாது.

அன்றைக்கு வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை. அப்பாராவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு துணை முதல்வர் அறையில் நின்றார். "ஒரு வருஷம் வேஸ்ட் பண்ண முடியாது சார். அவள அவங்க அம்மம்மா வீட்டுக்கே அனுப்பிடறேன். ஏனாம்ல பழைய குரூப்லயே ரெண்டாம் வருஷம் படிக்கட்டும். இப்பவே போனாத்தான் அட்டெண்டன்ஸ் தேறும்" என்றார். பழைய குரூப் என்றால் உயிரியல் இல்லை. உயிரியல் இல்லையென்றால் மாட்டு டாக்டர் இல்லை. சத்யவேணி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நானும் சும்மா நின்றேன். நான் சும்மா நின்றது அந்தப் பள்ளியில் ஒரு செய்தி.

"போன்" என்று சொல்லி லூர்துசாமி சார் எழுந்தார். கண்ணாடி கழன்றது, துடைக்கப்பட்டது, ஏறியது. முதல் வாசிப்பு. இரண்டாம் வாசிப்பு. "பதினொண்ணுல தேறியிருக்கணும்னு போட்டுருக்கான். சரி மதாம், பதினொண்ணாவது பரீட்சைய இந்த ஊர்ல யாரு வைக்கிறது?"

"நாமதான் சார்."

"திருத்தறது?"

"நாமதான்."

"அப்பறம் என்ன? வெச்சிடுவோம். உயிரியல், பிரெஞ்சு, ரெண்டே பாடம்." மூன்றாம் வாசிப்பு நடக்கவே இல்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏட்டு எதிரில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இலாகாவிடம் அனுமதி கேட்டார். சிவஞானம் என்ற ஆய்வு அதிகாரியை அனுப்பினார்கள். முழுக்கைச் சட்டையும், சிரித்தால் அபராதம் என்பது போன்ற முகமும். நாங்கள் கொடுத்த காபியைத் தொடக்கூட இல்லை. "உங்க பொண்ணு, உங்க கேள்வித்தாள், உங்க திருத்தம். தூக்கி மார்க்கப் போட மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "உயிரியல் தாள மட்டும் இவளோட சேர்ந்து இந்தப் பன்னெண்டாங் கிளாஸே எழுதணும். இவங்கதான் பதினொண்ணுல தேறினவங்களாச்சே. தாள நான் வேற பள்ளிக்கூடத்துல திருத்திக்கறேன். இவங்க தரத்துக்கு இவ இருந்தா கையெழுத்து. இல்லன்னா பிளஸ் ஒன்."

வகுப்பில் போய்ச் சொன்னேன். வழியனுப்பிவைத்த விருந்தாளி பெட்டியோடு திரும்பி வந்ததைப் பார்த்த வீடு மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. "மேடம், பிளஸ் ஒன்லாம் போன ஜென்மம் மேடம்" என்றான் முருகையன். ஒருத்தி புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். கையில் புத்தகம் வைத்திருந்தவர்களின் புத்தகமோ அட்டை கலையாமல் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தவர்கள், சத்யவேணி எழுந்து, "என்னால உங்களுக்குக் கஷ்டம்" என்றதும் அமைதியாகிவிட்டார்கள். "பரவால்ல வேணி, பிளஸ் ஒன்தானே" என்றான் அதே முருகையன்.

அடுத்த சில வாரம் எனக்குத் தீபாவளிதான். காலையில் பிரேயருக்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டே துணை முதல்வர் அவளுக்குப் பிரெஞ்சு நடத்துவார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு என் ஆய்வகத்துக்கு வருவாள். நான் செடித் தண்டை வெட்டக் காட்டினேன். துளை போட்ட கேரட்டுக்குள் தண்டைச் செருக வேண்டும். பிளேடையும் தண்டையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, பிளேடைத் தன் பக்கமாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. சீவல்களைக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருவதை மட்டும் தூரிகையால் எடுக்க வேண்டும். சிவப்புச் சாயத்தில் நனைத்து, கழுவி, ஒரு சொட்டுக் கிளிசரின் விட்டு, மேல் கண்ணாடியைச் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி. முதல் நாள் அவள் வெட்டியதெல்லாம் சாம்பாரில் போடுகிற அளவு. "வேணி, இது சமையல் கிளாஸ் இல்லடி" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த தண்டை எடுத்தாள். போகப் போக, சந்தேகம் வருகிற சீவலே கிண்ணம் நிறைய மிதந்தது.

பரீட்சை நடந்தது. பிரெஞ்சை அதற்கு முன்பே நல்லபடியாகத் தாண்டிவிட்டாள். அதை அந்தப் பாடத்து அதிகாரி ஒருத்தர் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார். உயிரியலில் எழுத்துத் தாள் முடிந்ததும் செய்முறைக்குச் சிவஞானம் சார் தானே நின்றார். முருகையன் வரைந்த கரப்பான்பூச்சிக்கு எட்டுக் கால்கள். "ஆறுதானே, மீதி ரெண்டு என்ன?" என்றார். "அது கை சார்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னொருத்தி வெட்டிய தண்டு நுண்ணோக்கிக்குள் நுழையவே மறுத்தது.

சத்யவேணியிடம் வந்தார். குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார். "என்ன இது?"

"டைகாட் ஸ்டெம் சார், ரெட்ட வித்திலைத் தண்டு."

"எப்படித் தெரியும்?"

"குழாய்க் கட்டு எல்லாம் வட்டமா வரிசையா நிக்குது சார். மானோகாட், ஒத்த வித்திலைன்னா கன்னாபின்னான்னு செதறி நிக்கும். இது பிரேயர்ல நாங்க நிக்கற மாதிரி, அது பெல்லு அடிச்சப்பறம் நாங்க நிக்கற மாதிரி."

அவர் மறுபடி குனிந்து நீண்ட நேரம் பார்த்தார்.

திருத்திய தாள்களோடு அடுத்த வாரம் வந்தார். துணை முதல்வர் அறையில் நாங்கள் நின்றோம், ஏட்டும் மகளும் வராந்தாவில் நின்றார்கள். முகத்தில் அதே அபராதம். "உங்க பொண்ணு முதல் மார்க்" என்றார். நான் குதிக்கப் போனேன். "இருங்கம்மா. மத்தவங்கள்ல பாதிப் பேர் ஃபெயில். இந்தத் தரத்தோட ஒப்பிட்டு நான் என்னன்னு கையெழுத்துப் போடறது? கேள்வி வரும்."

அவள் நன்றாக எழுதியதே இப்போது வினையாகிவிடும் போல இருந்தது. லூர்துசாமி சார் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"போன். விதிப்படியே செஞ்சிடுவோம் சார். பதினொண்ணுல தேறாதவங்க பன்னெண்டு எழுதக் கூடாது. இந்தப் பாதி கிளாஸ நாளைக்கே பிளஸ் ஒன்னுக்கு அனுப்பிடறேன். இந்தத் தாள ஊர்ல இருக்கிற மத்த பள்ளிக்கூடத்துக்கும் குடுத்துப் பார்ப்போம். அங்கயும் பாதிப் பேர எறக்கிடலாம். முதல் மார்க் வாங்கின பொண்ணு சந்தேகமில்லாம பன்னெண்டுல இருக்கலாம்."

சிவஞானம் சார் தாள் கட்டைப் பார்த்தார், துணை முதல்வரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போன தடவை தொடாத காபியையும் சேர்த்துக் குடிக்கிற மாதிரி ஒரு காபியைக் குடித்து முடித்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தக் கேள்வித்தாள்ல ஒண்ணு இருந்தாக் குடுங்கம்மா" என்றார்.

"எதுக்கு சார்?"

"வீட்ல என் பையன் பிளஸ் ஒன். கேட்டா ரெஸ்ட் வருஷம்னு சொல்லிட்டு பீச்ல சுத்திக்கினு இருக்கான்."

நான் இரண்டு பிரதி கொடுத்தேன்.

வராந்தாவில் ஏட்டு எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். வாழ்நாளில் எனக்கு விழுந்த ஒரே சல்யூட் அதுதான். சத்யவேணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், பிறகு இரண்டு பேரும் எட்டுக் கால் கரப்பானை நினைத்துச் சிரித்தோம். அந்த வருஷத்திலிருந்து எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு வெளிப்பள்ளி ஆசிரியரை வைத்துத் திருத்தும் வழக்கத்தை லூர்துசாமி சார் கொண்டுவந்தார். பிள்ளைகள் அவரைச் சபித்தார்கள். முருகையன் டாக்டரும் இல்லை, கலெக்டரும் இல்லை, தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறான், ஓனர்.

சத்யவேணி கால்நடை மருத்துவம் படித்தாள். அரசாங்கத்திலேயே டாக்டரானாள். காயத்ரி போன் செய்த மறுநாள் அவளைக் கூப்பிட்டுப் பாடத்திட்டம் மாறிய கதையைச் சொன்னேன். பேச்சுவாக்கில், அவளுக்கும் மாற்றல் வந்திருக்கிறது, மாஹேவுக்கு என்றாள். எனக்குப் பழைய பதற்றம் ஒரு நிமிஷம் திரும்பி வந்துவிட்டது. "மலையாளம் தெரியாதேடி, மறுபடி ஆரம்பத்துல இருந்தா?" என்றேன்.

"போன், பார்த்துக்கலாம் மேடம்" என்று சிரித்தாள். "மாட்டுக்கு மூணு ஊர்லயும் ஒரே சிலபஸ்தான்."